ரெடிமிக்ஸ் வண்டிக்கு புதுசா வர்ற டிரைவர் தம்பிங்களுக்கு: டிரம் எப்படி சுத்துது, எங்க காலை வாரும்

ரெடிமிக்ஸ் வண்டி, மிக்சர் லாரி, டி.எம்.னு ஆளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க, சலான்ல ட்ரான்சிட் மிக்சர்னு இருக்கும், எல்லாம் ஒண்ணுதான், பிளான்ட்ல போட்ட கான்கிரீட்டை டிரம்ல சுத்திக்கிட்டே சைட்டுக்கு கொண்டு போற வண்டி. டிப்பர் ஓட்டிட்டு இதுக்கு மாறி வர்றவங்க நெறைய, வந்த மொத நாளே "என்னண்ணே இருக்கு இதுல, அதே பத்து டயர், அதே கியர்"னு ஏறி உக்காந்துடறாங்க. டயரும் கியரும் அதேதான், இல்லன்னு சொல்லல. ஆனா டிப்பர்ல எம்-சாண்ட் ஏத்தினா அது பாட்டுக்கு கெடக்கும், இதுல ஏத்தின லோடு இறக்குற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும், அது பத்தாதுன்னு உள்ளுக்குள்ள இறுகிக்கிட்டே வேற வரும். முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி, ரெண்டையும் நீங்கதான் ஓட்டணும். பின்னாடி வண்டியை மறந்தவன்தான் மாட்டுவான்.

மொதல்ல டிரம். வண்டி ஆஃப்ல நிக்கும்போது ஏணில ஏறி ஹாப்பர், அதான் டிரம் வாய்க்கு மேல லோடு கொட்டற புனல், அது வழியா டார்ச் அடிச்சு பாருங்க, ரெண்டு இரும்பு பிளேடு ஸ்க்ரூ மரை மாதிரி அடி வரைக்கும் சுருண்டு போகும். வேலை செய்யறது அந்த மரைதான். ஒரு பக்கம் சுத்தினா கலவையை உள்ள இழுத்து கலக்கும், எதிர்ப்பக்கம் சுத்தினா அதே மரை வெளிய தள்ளிடும். இதுக்கு மூடியும் கெடையாது கதவும் கெடையாது, வாய் எப்பவும் தொறந்தேதான் இருக்கும், அதனாலதான் ரோட்டுல போகும்போது எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒரு கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கணும்.

சுத்துறதுக்கு பவர் எங்கேர்ந்து வருதுன்னா, வண்டி இன்ஜின்ல பி.டி.ஓ.ன்னு பவரை வெளிய எடுத்துக் குடுக்கற ஒரு இணைப்பு, அது ஒரு ஹைட்ராலிக் பம்பை ஓட்டும், பம்ப் ஆயிலை பிரஷர்ல தள்ளும், அந்த ஆயில் ஒரு மோட்டாரை சுத்தும், மோட்டார் கேபினுக்குப் பின்னாடி இருக்கற கியர்பாக்ஸை சுத்தும், கியர்பாக்ஸ்ல டிரம் மாட்டியிருக்கும். டிரம்மோட பின்பக்கம் ஒரு வளையம், அது ரெண்டு ரோலர் மேல உருளும். சில வண்டில டிரம்முக்குன்னே தனி சின்ன இன்ஜின் இருக்கும், ஸ்லேவ் இன்ஜின்னு சொல்லுவோம், அதுக்கு தனி சாவி. அந்த ரெண்டாவது சாவியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில வருவேன்.

ஸ்பீடு கணக்கு சிம்பிள். பிளான்ட்ல லோடு ஏத்தும்போதும் கலக்கும்போதும் நிமிஷத்துக்கு 12, 14 சுத்து, ரோட்டுல போகும்போது 2லேர்ந்து 4 சுத்து போதும். இன்ஜின் ரைஸ் பண்ணா சில வண்டில டிரம்மும் சேந்து வேகம் எடுக்கும், லிவரை கொறைச்சு வெச்சுக்கணும். உள்ளேர்ந்து வெளிய மாத்தும்போது டிரம்மை முழுசா நிறுத்திட்டு அப்பறம் மாத்துங்க, சுத்திக்கிட்டு இருக்கும்போதே டபக்குனு எதிர்ப்பக்கம் தள்ளினா கியர்பாக்ஸ் போயிடும், அது சின்ன செலவு இல்ல.

காலைல வண்டி எடுக்கும்போது எல்லா லாரிக்கும் பாக்கற டயர், பிரேக், ஏர், லைட் பாருங்க, அது உங்களுக்குத் தெரியும். இதுல எக்ஸ்ட்ரா என்னன்னா ஹைட்ராலிக் ஆயில் லெவல், ஓஸ்ல கசிவு, ஆயில் கூலர் ஃபேன் ஓடுதா, ரோலருக்கு கிரீஸ், தண்ணி டேங்க் ஃபுல்லா, சூட்டோட (பின்னாடி கலவை வழிஞ்சு எறங்கற தகரச் சரிவு) லாக் பின். நெறைய வண்டில தண்ணி டேங்க்ல ஏர் பிரஷர் இருக்கும், ஏரை மொதல்ல வெளியேத்தாம மூடியை தொறந்தா மூடி மூஞ்சிக்கு வரும். சூட் லாக் பின்னை அலட்சியமா விடாதீங்க, அது கழண்டு சைடுல ஆடினா பக்கத்துல பைக்ல போறவன் தலைதான் அந்த உயரத்துல இருக்கும்.

பிளான்ட்ல லோடு ஏத்திட்டு ஹாப்பரையும் சூட்டையும் தண்ணி அடிச்சு கழுவிட்டு கெளம்புங்க, ஒட்டியிருக்கற ஜல்லி ரோட்டுல விழுந்தா பின்னாடி வர்றவன் கண்ணாடி காலி. சலான்ல லோடு ஏத்தின டைம் போட்டிருக்கான்னு பாருங்க. ஐ.எஸ். 4926ன்னு ரெடிமிக்ஸுக்கு ஒரு இந்திய ஸ்டாண்டர்டு இருக்கு, பொதுவா லோடு ஏத்தினதுலேர்ந்து 2 மணி நேரத்துக்குள்ள இறக்கிடணும்னு சொல்லுது, ரிட்டார்டர், அதான் இறுகறதை தள்ளிப் போடற மருந்து, போட்ட கலவைன்னா கூடுதல் டைம் தருவாங்க. அது எவ்வளவுன்னு பிளான்ட்ல தரம் பாக்கற கியூ.சி. ஆளை கேட்டுட்டு கெளம்புங்க, நம்மளா கணக்கு போட வேணாம்.

இப்ப ரோடு. 1 கியூபிக் மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ, 6 எம் கியூப் (கியூபிக் மீட்டரை அப்படித்தான் சொல்லுவோம்) ஏத்தினா 14 டன்னுக்கு மேல. அந்த வெயிட்டு சேஸிஸ் மேல தாழ படுக்கல, டிரம் சாஞ்சு உசரமா இருக்கறதால வெயிட்டும் உசரத்துலயே நிக்குது. அதுக்கு மேல டிரம் சுத்தும்போது கலவை நடுவுல இருக்காது, சுத்துற பக்கமா கொஞ்சம் ஏறி ஒரு சைடுலதான் நிக்கும். அப்ப நேர் ரோட்டுலயே ஒரு பக்கம் சாஞ்சுதான் போறீங்க, வளைவு அந்தப் பக்கமே தள்ளினா சொல்லவே வேணாம். பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே போட்டு ஸ்பீடை கொறைச்சுட்டு உள்ள போங்க, உள்ள போயிட்டு பிரேக் அடிச்சு ஸ்டியரிங் ஒடிக்கறது இந்த வண்டிக்கு ஆகாது. கத்திப்பாரா லூப் மாதிரி எடத்துல வளைவு முடிஞ்சுதுன்னு நெனைக்கும்போது இன்னும் கொஞ்சம் வளையும், கார்காரன் பின்னாடி ஆர்ன் அடிப்பான், அடிக்கட்டும். பாதி லோடுதானேன்னு வெரட்டாதீங்க, பாதி லோடுல கலவை ஆடறதுக்கு எடம் ஜாஸ்தி.

ஃப்ளைஓவர் ஏத்தத்துலயும் மலை ரோட்டுலயும் இன்னொரு தொல்லை, வாய் தொறந்த டிரம்மாச்சே, ஃபுல் லோடுன்னா பின்னாடி வழியும். ஃப்ளைஓவர் ஏறும்போது ரோட்டுல சாம்பக் கலர்ல காஞ்சு போன கட்டி பாத்திருப்பீங்களே, அது நம்ம ஆளுங்க வேலைதான். ஏற்காடு, குன்னூர் பக்கம் போற லோடுன்னா கொறைச்சு ஏத்தச் சொல்லுங்க, டிரிப் ஒண்ணு கூடினாலும் பரவால்ல.

சைட்ல வண்டியை ரிவர்ஸ் எடுக்கறதுதான் எனக்கு இன்னிக்கும் பயம். கிளீனர் எறங்கி, டிரைவர் சைடு கண்ணாடில தெரியற மாதிரி நிக்கணும், பின்னாடி நடுவுல நிக்கக்கூடாது. அவன் கண்ணாடிலேர்ந்து மறைஞ்சா அடுத்த செகண்ட் வண்டி நிக்கணும், "வா வா வா"ன்னு குரல் மட்டும் கேட்டா பத்தாது. அஸ்திவாரத்துக்கு பைல் போட்ட குழி, பேஸ்மென்ட் தோண்டின ஓரம் இருந்தா குழி எவ்வளவு ஆழமோ குறைஞ்சது அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துங்க, 3 மீட்டர் ஆழம்னா 3 மீட்டர். மழை பெஞ்ச மண்ணுன்னா இன்னும் தள்ளி. சூட் எட்டலன்னு மேஸ்திரி கத்துவாரு, எக்ஸ்டென்ஷன் போடுங்க இல்ல கான்கிரீட் பம்ப் கூப்புடுங்கன்னு சொல்லிட்டு வண்டியை நகத்தாதீங்க. சூட் மடக்கும்போதும் விரிக்கும்போதும் கீல்ல விரல் வைக்காதீங்க.

அடுத்து தண்ணி பஞ்சாயத்து. சைட்டுக்கு போனதுமே மேஸ்திரி வருவாரு, "அண்ணே, கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணே". கொஞ்சம்னா எவ்வளவு? 100 லிட்டர்னு வெச்சுக்கோங்க, 6 எம் கியூப்ல எம் கியூபுக்கு கிட்டத்தட்ட 17 லிட்டர் வருது. எம் கியூபுக்கு 380 கிலோ சிமெண்ட் இருந்தா தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45லேர்ந்து 0.49க்கு கிட்ட போயிடும், கலவை வழவழன்னு ஓடும், ஆனா ஸ்ட்ரென்த் அடி வாங்கும். 28 நாள் கழிச்சு கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பாக்கற கியூப் டெஸ்ட் ஃபெயில் ஆனா மேஸ்திரி இருக்க மாட்டாரு, சலான்ல உங்க வண்டி நம்பர்தான் இருக்கும். பிளான்ட்டுக்கு போன் போட்டு அட்மிக்சர், அதான் தண்ணி சேக்காம கலவையை இளக வைக்கற மருந்து, போடச் சொல்லுங்க, போட்டப்பறம் எம் கியூபுக்கு 1 நிமிஷம் கணக்குல ஃபுல் ஸ்பீடுல சுத்தி அப்பறம் இறக்குங்க. கேக்காம தண்ணிதான் வேணும்னு நின்னா சலான்லயே எத்தனை லிட்டர்னு எழுதி, சைட் இன்ஜினியர் கையெழுத்து வாங்காம வால்வை தொடாதீங்க. கையெழுத்துன்னதும் பாதி பேர் "சரி விடுங்க, இப்படியே ஓட்டிக்கறோம்"னு போயிடுவாங்க, நான் பாத்திருக்கேன்.

டிராஃபிக்ல மாட்டி, இல்ல பம்ப் ஃபெயிலாகி டிரம் நின்னு போச்சுன்னா பதறாதீங்க, ஆனா உக்காந்தும் இருக்காதீங்க. உடனே பிளான்ட்டுக்கு சொல்லுங்க, இன்னொரு மிக்சர் வண்டியை பக்கத்துல நிறுத்தி அதோட ஹைட்ராலிக் ஓஸை நம்ம மோட்டார்ல மாட்டி டிரம்மை சுத்தி இறக்க முடியும், மெக்கானிக் வந்து செய்வாங்க. பழைய டிரைவருங்க கேபின்ல சக்கரை வெச்சிருப்பாங்க, டீக்கு இல்ல. சக்கரையை தண்ணில கரைச்சு உள்ள ஊத்தினா சிமெண்ட் இறுகறது தள்ளிப் போகும். டிரம்மைக் காப்பாத்தறதுக்கு மட்டும்தான் அது, அந்தக் கலவை அதோட வேஸ்ட், யார் வீட்டு சீலிங்குக்கும் போடக்கூடாது.

கலவை தோல்ல பட்டா ஒண்ணும் தெரியாது, அதான் ஆபத்தே. என்கூட இருந்த கிளீனர் பையன் ஒருத்தனுக்கு கம்பூட்டுக்குள்ள சிமெண்ட் பால் எறங்கிடுச்சு, "ஈரமாத்தானேண்ணே இருக்கு"ன்னு சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னான், கழட்டும்போது சாக்ஸோட தோலும் வந்துச்சு. சிமெண்ட்டுல இருக்கற காரம் மெதுவா சுடும். பட்டா உடனே கழட்டி நல்ல தண்ணில கழுவணும், கண்ணுல தெறிச்சா விடாம 15, 20 நிமிஷம் தண்ணி விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி.

லோடு எறக்கினதும் டிரம்முக்குள்ள தண்ணி விட்டு வேகமா சுத்தி கழுவுங்க, அந்தத் தண்ணியை ஏரிலயோ மழைநீர் கால்வாய்லயோ விடாதீங்க, அதே காரம்தான் மீனுக்கும். பிளான்ட்ல அதுக்குன்னு குழி இருக்கு. ஒழுங்கா கழுவலன்னா பிளேடு மேல கொஞ்சம் கொஞ்சமா ஒட்டி கட்டி தட்டும், அப்பறம் ஒரு நாள் ஆள் உள்ள போய் பிரேக்கர் வெச்சு உடைக்கணும். இந்தத் தொழில்ல மோசமான வேலை அதுதான். சூடு, காது கிழியற சத்தம், நுரையீரலைக் கெடுக்கற சிலிக்கா தூசி, காத்து வராத எடம். உள்ள ஆள் இருக்கும்போது வெளிய ஒருத்தன் தெரியாம டிரம்மை ஓட்டிவிட்டா முடிஞ்சுது. அதனால வண்டி சாவி, ஸ்லேவ் இன்ஜின் சாவி, ரெண்டும் உள்ள போறவன் பாக்கெட்ல இருக்கணும், சூப்பர்வைசர்கிட்ட இல்ல, ஆணில தொங்கவும் கூடாது. பேட்டரி கழட்டணும், லிவர்ல "உள்ளே ஆள்"னு போர்டு கட்டணும், டிரம் உருளாம முட்டு குடுக்கணும், ஏன்னா ஒரு பக்கம் கட்டியை உடைச்சதும் வெயிட்டு மாறி டிரம் தானா உருளும். தண்ணி அடிச்சு தூசி அடக்கி, ஃபேன் வெச்சு, நல்ல மாஸ்க் போட்டு, ஹாப்பர்கிட்ட ஒருத்தன் எப்பவும் நிக்கணும்.

நைட்டு வண்டியை விட்டுட்டு போறதுக்கு முன்னாடி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஏணில ஏறி ஒரு தடவை டார்ச் அடிங்க. பிளேடோட விளிம்பு இரும்பா பளபளன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போகலாம், சாம்பலா மழுங்கித் தெரிஞ்சா இன்னும் 200 லிட்டர் தண்ணி இருக்கு பாக்கி.