கிளட்ச் சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி

போன வாரம் நம்ம பட்டறைப் பையன் ஸ்கேனர்ல பி0704ன்னு கிளட்ச் சுவிட்ச் கோளாறு கோடு வந்த உடனே, புது கிளட்ச் சுவிட்ச் (பெடல மிதிச்சத வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார்) ஆர்டர் போடப் போனான், போனைப் புடுங்கி வெச்சேன். பத்து வருஷம் முன்னாடி நானும் இதேதான் பண்ணேன். பேட்டரியப் பாரு, பெடலுக்கு அடியில மேட் மாட்டியிருக்கான்னு பாருங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. இதுல நாம வழக்கமா பண்ற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

கோடு வந்தா பார்ட் போச்சுன்னு நினைக்கிறது

சுவிட்ச்லேருந்து வர்ற சிக்னல் சரியில்லன்னு மட்டும்தான் அந்தக் கோடு சொல்லுது. கப்ளர் (ஒயர சுவிட்ச்ல மாட்டுற பிளக்), ஒயர், ஆர்த் எதுல வேணா கோளாறு இருக்கலாம்.

புதுசு மாட்டினதும் சரியாயிடுச்சுன்னு நம்புறது

இத நினைச்சா இன்னைக்கும் எரியுது. ஒரு டீசல் வண்டி, புஷ் பட்டன் ஸ்டார்ட். சில நாள் காலைல பட்டன அமுக்குனா கிளட்ச்ச மிதின்னு டிஸ்ப்ளேல வரும், செல்ஃப் அடிக்காது, நாலஞ்சு தடவ மிதிச்சா எடுத்துக்கும். மத்தியானம் பட்டறைக்கு வந்தா ஒண்ணுமே காட்டாது, மீட்டர் வெச்சா லைன் அறாம இருக்குன்னு ஜம்முனு பீப் அடிக்கும். சுவிட்ச் மாத்தினேன், சரியாச்சு, காசு வாங்கினேன். பன்னெண்டாவது நாள் திரும்ப வந்துச்சு. சுவிட்ச் டூப்ளிகேட் போலன்னு கம்பெனி சுவிட்ச் போட்டேன், மூணு வாரம் ஓடி மறுபடி அதே கதை. அப்புறம்தான் உறைச்சுது, ஒவ்வொரு தடவ சுவிட்ச் மாத்தும்போதும் கப்ளர கழட்டி மாட்டுறேன்ல, அந்த இழுப்புல ஒயர் நகந்து ஒட்டிக்குது, கப்ளர் உள்ள இருக்குற பின்னும் தேய்ஞ்சு சுத்தமாகுது, நல்ல பேரு மட்டும் புது சுவிட்ச்சுக்கு! கப்ளருக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி டேப்ப பிரிச்சா, மேல தோல் அப்படியே இருக்கு, உள்ள காப்பர் அத்துப் போயிருக்கு. ரெண்டு சுவிட்ச் காசையும் திருப்பிக் குடுத்தேன், அந்த அண்ணன் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல.

இப்பல்லாம் எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல லைவ் டேட்டா (சுவிட்ச் அந்த நிமிஷம் என்ன சொல்லுதுன்னு காட்டுறது) தொறந்து வெச்சு, பெடல மெதுவா மிதிச்சு மெதுவா விட்டு, ஆன் ஆஃப் எப்பவும் ஒரே எடத்துல மாறுதான்னு பாக்குறேன். தள்ளாடுச்சுன்னா சுவிட்ச், அதோட அட்ஜஸ்ட்மென்ட், பெடல்ல சுவிட்ச்ச தட்டுற சின்ன ரப்பர் பேடு உதிர்ந்திருக்கா, இதெல்லாம் பாக்கணும். அப்புறம் கால எடுக்காம பெடல அப்படியே வெச்சுக்கிட்டு, இன்னொருத்தர விட்டு ஒயர ஆட்டச் சொல்லுங்க. அப்ப மாறுச்சுன்னா ஒயர்லயோ கப்ளர்லயோதான் கோளாறு. பையன் ஆர்டர் போடப் போன வண்டில கப்ளர்ல ஒரு பின் பின்னாடி நகந்து நின்னுச்சு, அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் கன்டினியூட்டி (மீட்டர் பீப்) பாக்குறது

சில வண்டில சுவிட்ச்சுக்குப் பதிலா கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல் தள்ளுற ஆயில் பம்ப்) ஹால் சென்சார் இருக்கும், காந்தத்துல வேல செய்யுறது. அதுல பீப் தேடாதீங்க, கப்ளர் மாட்டியிருக்கும்போதே சிக்னல் வோல்டேஜ் பாருங்க.

கோட உடனே அழிக்கிறது

ஃப்ரீஸ் ஃப்ரேம, அதாவது கோடு விழுந்தப்ப வண்டி இருந்த நிலைய, எழுதி வெச்சுட்டு அழிங்க.

சுவிட்ச்ச ஜம்பர் போட்டு (சுவிட்ச் இல்லாம ஒயர நேரா இணைச்சு) அனுப்புறது

கிளட்ச்ச மிதிக்காமலே செல்ஃப் அடிக்கும், கியர்ல நிக்கிற வண்டி செல்ஃப் அடிச்சதும் நேரா செவுத்துக்குப் போகும். செய்யவே செய்யாதீங்க.