வெள்ளாட்டுக் குட்டிகளின் கழிச்சலும் வயிற்று உப்புசமும்: காரணம் அறிந்து கவனிக்கும் முறை

குட்டி கழியத் தொடங்கியதும் என்ன மருந்து கொடுப்பது என்றுதான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆடு வளர்ப்போர் முதலில் கேட்கிறார்கள். ஆனால் குட்டியின் வயது என்ன, புழுக்கை எப்படி மாறியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

பால் மட்டும் குடிக்கும் குட்டி மஞ்சளாகக் களிம்புபோல் கழிப்பது இயல்பே, அது நோயன்று. அது வாலடியில் காய்ந்து ஒட்டி ஆசனவாயை அடைத்துக்கொண்டால்தான் தொல்லை. அப்போது பிய்த்து எடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுத் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். முதல் வாரத்திலேயே தண்ணீராகக் கழிந்து குட்டி சோர்ந்தால், சீம்பால் போதாமல் போயிருக்கலாம், அல்லது ஈரக் கொட்டிலிலிருந்து நுண்ணுயிர் தொற்றியிருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டி முக்கி முக்கிச் சளியும் இரத்தமுமாகக் கழிந்தால் முதலில் இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோயைச் சந்தேகிக்க வேண்டும். இங்கு பரவலாக வளர்க்கப்படும் சேலம் கருப்பு இனத்தில், வாலடியில் படிந்த இரத்தக் கறை கருமயிரோடு மயிராகக் கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும்; ஆகவே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது. மேயத் தொடங்கிய குட்டியின் கண்ணிமை உட்புறம் வெளிறி, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால், கழிச்சலே இல்லாவிட்டாலும் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவை நினைக்க வேண்டும்.

காரணம் எதுவாயினும், கழியும் குட்டி பெரும்பாலும் நீரிழப்பினால்தான் இறக்கிறது. கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு மூன்று விநாடி மடிந்தே நின்றால் உடலில் நீர் குறைந்துவிட்டது. மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்குக் கண் குழி விழுந்திருந்தால் சுமார் 250 முதல் 300 மி.லி. நீர் போயிருக்கும் என்று கணக்கிடலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்து, உடற்சூட்டில் வேளைக்கு 50 மி.லி. வீதம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பால் குடிக்கும் வேளைகளுக்கு இடையில் கொடுக்கலாம். தாய்ப்பாலை நாள் முழுதும் நிறுத்துவது தவறு. அது குட்டியை மேலும் வலுவிழக்கச் செய்யும்.

கொடுக்கும் முன் குட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். வாய் சில்லிட்டு, விரலைச் சப்பாமல் கிடந்தால் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வெள்ளாட்டின் இயல்பான வெப்பநிலை 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். 100-க்குக் கீழே இறங்கிய குட்டியைச் சாக்கிலும் வெந்நீர்ப் புட்டியிலும் அணைத்துச் சூடேற்றிய பிறகே பால் தர வேண்டும். சப்பும் குட்டிக்கு ஊசி நீக்கிய சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து, தலையை அண்ணாந்து பிடிக்காமல், அது விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாக விடுவதே பாதுகாப்பு.

உப்புசம் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் மத்தளம்போல் தெரியும். மாமரத்தடியில் உதிர்ந்து புளித்த பழத்தையோ, களத்தில் கொட்டிக் கிடந்த கேழ்வரகையோ வயிறு முட்டத் தின்ற குட்டிகளுக்கு இது வரும். முன்னங்கால்கள் மேடான பக்கம் இருக்கும்படி நிற்க வைத்து, இடப்பக்கத்தை மெல்லப் பிசைந்துவிடலாம். நுரைத்த உப்புசத்துக்கு மேய்ச்சல் குட்டிக்கு 15 முதல் 20 மி.லி. கடலை எண்ணெய் உதவும். தானியம் தின்றதற்கு எண்ணெய் போதாது, மருத்துவரையே அழைக்க வேண்டும். மரவள்ளி இலையோ, சோளத்தின் இளங்குருத்தோ தின்று சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்தால் அது அஜீரணமன்று, சயனைடு நஞ்சு. எண்ணெய்க்கு நேரம் கடத்தக் கூடாது.

மனிதருக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. குடல் அசைவு நின்றால் கிருமியின் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும். கொய்யாக் கொழுந்துக் கஷாயம் கொடுப்போர் கொடுக்கட்டும், ஆனால் உப்பு, சர்க்கரை நீருக்கு அது மாற்றாகாது. காக்சிடியாவுக்கான சல்ஃபா மருந்தும் குடற்புழு மருந்தும் வேறு வேறு. எடையறிந்து அளவிட வேண்டியவை. புதிய புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டினால், எது தேவை என்பது நுண்ணோக்கியில் தெரிந்துவிடும்.

இரத்தக் கழிச்சல், 105 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கோடு வாய்ப்புண் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னவை ஆட்டுக்கொல்லி நோயின் அறிகுறிகள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். முதல் நாள் வரை கொழுத்துத் துள்ளிய குட்டி காலையில் செத்துக் கிடந்தால், குடலில் நுண்ணுயிரின் நஞ்சு பெருகுவதால் வரும் துள்ளுமாரி நோயாக இருக்கக்கூடும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவதே அதற்கு வழி.

கழியும் குட்டியைத் தாயோடு சேர்த்துத் தனியே கட்டி, நனைந்த படுக்கையை அன்றே அள்ளிவிட்டு, தரையில் சுண்ணாம்பு தூவி உலரவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்துக்கு ஏற்றி வைக்கவும். போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கி வந்த குட்டிகளை இரண்டு மூன்று வாரமாவது பட்டியில் சேர்க்காமல் வைத்திருக்கவும்.