கொய்யாப்பழம் இளக்கும், இலை இறுக்கும்: எதை எப்போது, எப்படி எடுத்துக்கொள்வது?

பழனிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ஆயக்குடி கொய்யாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வண்டி நின்றதும் கூடை ஜன்னலுக்கு ஏறிவிடும். காயை நான்காகக் கீறி, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்கள். அப்படித் தின்று வளர்ந்த எனக்கே ஒரு விஷயம் வெகுநாள் தெரியாது. இந்த மரத்தின் பழமும் இலையும் உடம்பில் ஏறக்குறைய நேரெதிர் வேலை செய்பவை. பழம் வயிற்றை இளக்கும், இலை இறுக்கும். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரப் பழம் உதவும், இலைக் கஷாயம் அதைத் தடுக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் அடுப்படி வேலைதான்.

படி 1: பழம் பார்த்து வாங்குதல்

பச்சை மங்கி லேசாக மஞ்சள் தட்டியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் கொஞ்சமாக அமுங்க வேண்டும், குழியக் கூடாது. நம் ஊரில் செங்காய் என்று சொல்வோமே, அதற்கு ஒரு நாள் பிந்தைய பதம். வைட்டமின் சி நிறைந்திருப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அளவுக்கு மீறிப் பழுத்துக் குழைந்தால் அது குறையத் தொடங்கிவிடும்.

மழைக்காலப் பழம் என்றால் கடிக்காமல் நறுக்கிப் பாருங்கள். பழ ஈ தோலில் துளையிட்டு முட்டை வைத்திருக்கும். வெளியே ஊசி முனையளவு புள்ளிதான் தெரியும், உள்ளே புழு நெளியும். சிவப்பு நல்லதா, வெள்ளை நல்லதா என்று கேட்பவர்களுக்கு: சிவப்பில் தக்காளியில் இருக்கிற அதே லைகோபீன் என்ற சிவப்பு நிறமி உண்டு. மற்றபடி எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

படி 2: சாப்பிடும் முறை

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50தான். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவை 65 முதல் 80 மில்லிகிராம் என்பதால், பாதிப் பழமே அன்றைய கணக்கை முடித்துவிடும். நார்ச்சத்து 5 கிராமுக்குச் சற்று மேல். மலச்சிக்கல்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பழுத்ததைச் சாப்பிட வேண்டும். பச்சைக் காயில் துவர்ப்பு அதிகம், அது மலத்தைக் கட்டிவிடும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "கொய்யா எனக்கு ஒத்துக்கல" என்று சொல்பவர்கள் நிறைய.

தோலைச் சீவாதீர்கள். வைட்டமின் சி தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். நன்றாகக் கழுவினால் போதும். கொட்டையைக் கடித்து அரைக்க வேண்டியதில்லை, அப்படியே விழுங்கலாம். ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிடும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியல் இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேராது. அதைச் சேரும் வடிவத்துக்கு மாற்றுவதில் வைட்டமின் சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். ஆகவே காலையில் அடை, மாலையில் கொய்யா என்று பிரிக்காமல், சாப்பாடு முடிந்த கையோடு நாலு துண்டு சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் நடுத்தர அளவில் ஒரு பழம் சாப்பிடலாம். சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது.

படி 3: இலை பறித்தல்

கொய்யா இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். புரட்டிப் பார்த்தால் நரம்புகள் புடைத்து, விரலுக்கு வரிவரியாகத் தட்டுப்படும். கசக்கினால் பழ வாசனையின் பச்சை வடிவம் போல ஒரு மணம் வரும். சந்தேகமாக இருந்தால் அடிமரத்தைப் பாருங்கள், பட்டை செதில் செதிலாக உரிந்து வழவழப்பாக இருக்கும்.

நுனிக் கொழுந்தை மெல்லுவதற்கு வைத்துக்கொண்டு, கஷாயத்துக்கு அதற்கு அடுத்த இரண்டு மூன்று ஜோடிகளைப் பறிப்பது என் வழக்கம். சாலையோர மரத்து இலை வேண்டாம். மருந்தடித்த தோப்பு இலை கூடவே கூடாது.

படி 4: கஷாயம் போடுதல்

எட்டு அல்லது பத்து இலை. இரண்டு மூன்று முறை அலசி, கையால் கிழித்துப் போடுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்ற விடுங்கள். நிறம் இளம் பழுப்பாக, நாக்கில் நன்றாகத் துவர்க்கும். வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் நல்லது.

முதல்முறை நான் கைக்குக் கிடைத்த இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தேன். பத்து நிமிடத்தில் எழுதும் மை போலக் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. சட்டி அழுக்கு என்று நினைத்து, தேய்த்துக் கழுவி மறுபடியும் போட்டேன். மறுபடியும் மைதான். அப்பத்தா எட்டிப் பார்த்து, "துவர்ப்பா இருக்கறத யாராச்சும் இரும்புல வப்பாங்களாடி?" என்றார். அழுக்கெல்லாம் இல்லை. இலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், இரும்பைப் பிடித்துக்கொண்டால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் காய்ச்சினார்கள்.

சட்டியில் நடந்த அதே சேர்க்கை வயிற்றிலும் நடக்கும். அதனால்தான் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கஷாயத்தை அதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

படி 5: எதற்கு, எவ்வளவு?

வயிற்றுப்போக்குக்குத்தான் இந்த இலைக்குப் பழைய பெயர். நம் ஊரில் மட்டுமல்ல, கொய்யாவின் தாய்மண்ணான வெப்பமண்டல அமெரிக்காவில், மெக்சிகோவிலும் இதே வைத்தியம் உண்டு. சாதாரணமாக இரண்டு மூன்று தடவை போனால், பெரியவர்கள் அரை டம்ளர் வீதம் காலை மாலை குடிக்கலாம். ஆனால் வெளியேறிய தண்ணீரையும் உப்பையும் கஷாயம் ஈடுகட்டாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, அதை முதலில் கொடுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், குழந்தை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். கைக்குழந்தைக்குக் கஷாயமே வேண்டாம்.

அடுத்தது சர்க்கரை. சாப்பாட்டிலுள்ள மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை இலையிலுள்ள டானின் போன்ற பாலிஃபீனால்கள் சற்று மந்தப்படுத்துகின்றன. ஜப்பானில் சாப்பாட்டோடு குடிப்பதற்கென்றே கொய்யா இலைத் தேநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அதற்காக இது மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தினமும் குடிக்க ஆரம்பித்தால் சர்க்கரை அளவு கீழே இறங்கவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே, பழம் தாராளமாகச் சாப்பிடலாம், கஷாயம் கேட்டபின்.

ஈறு வீக்கம், வாய்ப்புண் என்றால் அதே கஷாயத்தை ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். அவசரத்துக்கு இரண்டு கொழுந்தை மென்று துப்பினாலும் சரி. வலி கொஞ்சம் அடங்கும், சொத்தை போகாது.

முடி கொட்டுவதற்குத் தலையில் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். நான் ஒரு மாதம் ஊற்றிப் பார்த்தேன். தலையணை உறையில் கறை வந்தது, அவ்வளவுதான்.

படி 6: காயவைத்து வைத்தல்

வீட்டில் மரம் இல்லாதவர்கள், கிடைக்கும்போது ஒரு கட்டு வாங்கி, கழுவி, ஈரம் துடைத்து, நிழலில் துணியில் பரப்புங்கள். வெயில் வேண்டாம், மணம் போய்விடும். நாலைந்து நாளில் பிடித்தால் நொறுங்குகிற பதம் வரும். அப்படியே கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஒரு டம்ளர் கொதிநீருக்கு நொறுக்கிய இலை ஒரு டீஸ்பூன், பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும். மூடியைத் திறந்ததும் அந்தப் பச்சை வாசம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த இலை செடிக்கு உரம்.