ரெயில் கதவுக்குக் கைப்பிடி வைக்கும்போது நடக்கும் தவறுகள்

சுவருக்கு மேலே ரெயில் அடித்து, அதிலிருந்து தொங்கவிட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவை இப்போது நம் ஊர் வீடுகளிலும் போடுகிறார்கள். அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோலும் மாடும் இருக்கும் கொட்டகையின் கதவு அது; பார்ன் டோர் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கொட்டகைக் கதவை வெளியே நின்று இழுத்தால் போதும். படுக்கையறைக் கதவை உள்ளே நின்றும் சாத்த வேண்டும். கைப்பிடி வாங்கும்போது பலரும் இதை யோசிப்பதில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கு இப்படி ஒரு கதவு போட்டோம். ஹால் பக்கம் 10 இன்ச் நீளத்தில் கறுப்புக் கைப்பிடி, பார்க்க லட்சணமாக இருந்தது. உள்பக்கம் பலகைக்குள் பதிந்த குழிப்பிடி. அன்று இரவு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். முழுக்கத் திறந்திருந்த கதவு சுவர் மறைவில் ஒதுங்கி நின்றது. குழிப்பிடியும் அதோடு போய்விட்டது. வெளியே தெரிந்த விளிம்பை விரல் நுனியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கதவு இருக்கு, பிடிக்கத்தான் ஒண்ணுமில்லையேடி" என்றார்.

ஆசாரி கதவைச் சரியாகத்தான் மாட்டியிருந்தார். கணக்குப் போடாதது நான். இந்த மாதிரிக் கதவு வாசலைவிட அகலமாக இருக்கும். வாசல் 36 இன்ச் என்றால் கதவு 40 இன்ச். பக்கத்துக்கு 2 இன்ச் சுவர்மேல் ஏறி நிற்கும். சாதாரணக் கதவுக்கு வைப்பதுபோல விளிம்பிலிருந்து 2 இன்ச்சில் குழிப்பிடியின் நடுவை வைத்தால், கதவைச் சாத்தியதும் பிடியில் பாதி வாசல் நிலைக்குப் பின்னால் போய்விடும். 2 இன்ச் அகலப் பிடியாக இருந்தால் அதன் நடு, விளிம்பிலிருந்து 4 இன்ச்சாவது உள்ளே இருக்கட்டும். அப்போதுதான் நிலைக்கும் பிடிக்கும் நடுவே விரல் போக ஒரு இன்ச் கிடைக்கும்.

இது கதவு சாத்தியிருக்கும்போது உள்ள கணக்கு. திறந்திருக்கும்போது எப்படி என்பதற்கு, ரெயில் முனையில் கதவைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரைப் பார்க்க வேண்டும். குழிப்பிடி வாசலுக்குள் தெரிகிற இடத்திலேயே கதவு நிற்க வேண்டும் என்றால், மேலே சொன்ன அளவில் சுமார் 6 இன்ச் கதவு வாசலை மறைக்கும். 36 இன்ச்சில் மிஞ்சுவது 30. நாங்கள் அல்லன் கீ (அறுகோணச் சாவி) வைத்து ஸ்டாப்பரை அந்த இடத்துக்கு நகர்த்தினோம். அம்மாவுக்கு நடக்க அது போதுமாக இருக்கிறது. சக்கர நாற்காலி வரும் வீடாக இருந்தால் இந்த இழப்பை முன்பே கணக்கில் சேர்த்து வாசலை அகலமாக விடுங்கள். சுவர் கட்டிய பிறகு என்றால் இடித்துத்தான் அகலப்படுத்த வேண்டும்.

அடுத்தது இடைவெளி. "முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ஒரே மாதிரி பிடி போட்டிரலாமா அக்கா?" என்று கடையில் கேட்பார்கள். ஜோடியாக வாங்கினால் விலையும் குறையும். ஆனால் கதவுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது அரை இன்ச், மிஞ்சினால் முக்கால் இன்ச். துருத்தி நிற்கும் பிடி நிலையில் இடித்துக் கதவைப் பாதியிலேயே நிறுத்திவிடும். பின்பக்கம் பலகையோடு பலகையாகப் படிகிற பிடிதான் வேண்டும். முன்கைப்பிடியின் போல்ட் தலைகூட வெளியே நிற்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில், புதுப் பெயின்ட் அடித்த சுவரில் மூன்றடி உயரத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. கதவு போய் வரும்போதெல்லாம் ஒரே ஒரு போல்ட் தலை போட்ட கோடு அது. தலை பலகைக்குள் அமுங்கும்படி குழிவெட்டி இறக்கியிருந்தால் வந்திருக்காது.

முன்கைப்பிடியைப் படத்தில் பார்த்து வாங்காதீர்கள், கையில் பிடித்துப் பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றரை இன்ச் இருந்தால் நான்கு விரலும் தாராளமாகப் போகும். அதற்குக் குறைந்தால் விரல் முட்டி பலகையில் உரசும். உயரம், தரையிலிருந்து 36 முதல் 42 இன்ச்சுக்குள். டைல்ஸ் போட்ட பிறகு அளக்க வேண்டும்.

கடற்கரை ஊரிலோ குளியலறைக்கோ இரும்புக் கைப்பிடி வேண்டாம். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். எளிதில் துரு பிடிக்காத 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் 304 என்று நம்பிவிடாதீர்கள், மலிவான 202 கிரேடிலும் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொருத்துவதில் பெரிய தவறு, கதவு தரையில் கிடக்கும்போதே துளை போட்டுவிடுவது. முதலில் கதவைத் தொங்கவிட்டு, கதவு ஆடாமல் பிடிக்கும் கைடைக் கீழே அடித்து, ஸ்டாப்பரை முடுக்குங்கள். அப்புறம் கதவைச் சாத்தி, உள்ளே நின்று நிலையின் ஓரத்தைப் பென்சிலால் பலகையில் கோடு போடுங்கள். முழுக்கத் திறந்து இன்னொரு கோடு. பிடி எங்கே வர வேண்டும் என்பதை அந்த இரண்டு கோடுகளே காட்டிவிடும். கைடு இல்லாத கதவு இழுக்கும்போது முன்னும் பின்னும் ஆடும். அதற்குக் கைப்பிடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலகையைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கட்டை இல்லை. அங்கே வெறும் ஸ்க்ரூ நிற்காது, சில மாதங்களில் கைப்பிடி லொடலொடக்கும். கட்டை இருக்கும் இடத்தைத் தேடி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை போல்ட் போட வேண்டும். பலகை 35 மில்லிமீட்டர் இருக்க, டப்பாவில் வரும் போல்ட் 45 இருக்கலாம், அளந்து அறுத்துக்கொள்ளுங்கள். மைக்கா ஒட்டிய கதவு என்றால் துளை போடும் இடத்தில் டேப் ஒட்டி, பின்னால் ஒரு வேஸ்ட் கட்டையை இறுகப் பிடிக்க வையுங்கள். ட்ரில் வெளியேறும் பக்கம்தான் மைக்கா பிளந்துகொண்டு வரும். குழிப்பிடிக்கு உளியால் பள்ளம் எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பிடியை வைத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் பிடி உள்ளே ஆடும்.

தாழ்ப்பாள் வேண்டுமென்றால் அதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். கதவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சாதாரணத் தாழ்ப்பாள் நிற்காது. கதவின் விளிம்பிலோ நிலையிலோ கொக்கி மாதிரி விழுகிற வகைதான் சரிப்படும். அதற்கும் கைப்பிடிக்கு அருகிலேயே இடம் வேண்டும். ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள். நான் முடுக்கியபோது மேல் போல்ட் அரைச் சுற்று உள்ளே போனது.