லெ சிதானேர் பாணியில் அந்தித் தோட்டம் வரைய

மொரீஷியஸில் பிறந்த பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி லெ சிதானேர் (1862–1939), பிரான்ஸின் ஜெர்பெருவா என்ற சிற்றூரில் 1904-ல் வீடு வாங்கி, தோட்டம் போட்டு, அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். மேசை விரித்திருக்கும், கோப்பைகள் இருக்கும், ஆள்தான் இருக்கமாட்டார்.

அந்தி வெளிச்சம் இருபது நிமிடம்கூட நிற்காது. தோட்டத்தில் பென்சில் கோட்டோவியமும் நிறக் குறிப்பும் போதும்; வண்ணம் தீட்டுவது அறைக்குள். அவரும் பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைந்தார். போன் படத்தை நம்பாதீர்கள், அந்தியைப் பகலாக்கிவிடும்.

40×50 செ.மீ. கேன்வாஸில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பின்னால் தூரிகைத் தடங்களுக்கு நடுவே இந்தச் செம்மை எட்டிப்பார்க்கும். நீலங்கள் விறைத்துப் போகாமல் காப்பது அதுதான்.

நிறத்தின் அடர்த்திக்கு வெள்ளை 1, கறுப்பு 10 என்று பத்துப் படி வைத்தால், விளக்கெரியும் ஜன்னல் தவிர படம் முழுவதும் 4-க்கும் 8-க்கும் நடுவில் அடங்க வேண்டும். பலர் சறுக்குவது மேசைவிரிப்பில். வெள்ளைத் துணிதானே என்று டைட்டானியம் ஒயிட்டை அப்படியே அப்பினால் அந்தி அங்கேயே முடிந்தது. அல்ட்ராமரின் நீலம், துளி அலிசரின் சிவப்பு, வெள்ளை கலந்த ஊதாச் சாம்பல்தான் அந்தத் துணியின் நிறம். அடர்ந்த நிழலுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். கறுப்பு டியூபைத் தொட வேண்டாம்.

முதல் பூச்சு எண்ணெய் சேர்க்காமல் மெல்லியதாக. தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தபின், 6-ம் எண் தட்டைப் பன்றிமயிர் பிரஷால் குறுந்தடங்கள் வையுங்கள்: ஊதாவுக்குப் பக்கத்தில் அதே அடர்த்தியில் சாம்பல்பச்சை. கேன்வாஸில் தேய்த்துக் கலக்காதீர்கள். ஈரத்தின் மேல் மூன்றாம் நிறம் விழுந்தால் சேறுதான். விழுந்துவிட்டால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள்.

விளக்கெரியும் ஜன்னல் கடைசியில். இரண்டு செ.மீ. அகலம் தாராளம். காட்மியம் ஆரஞ்சு, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், கொஞ்சம் வெள்ளை, அடர்த்தி 3. ஒளிரவில்லை என்று வெள்ளையைக் கூட்டினால் சுண்ணாம்பாகிவிடும், வெள்ளை நிறத்தைக் குளிர்விப்பதால். ஜன்னலை விட்டுவிட்டு, சுற்றியுள்ள சுவரை நீலஊதாவில் ஒரு படி இருட்டாக்குங்கள்.

விரிப்பின் தூர ஓரம் இலைகளுக்குள் கரையட்டும். கூர்மை ஒரு கோப்பையின் பிடிக்கு மட்டும். நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக் கோணலாகப் போடுங்கள், யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி.