கல்லறையில் கோப்பை, சிப்பி, போத்தல்: மழைக்குத் தாங்கும்படி அலங்கரிப்பது எப்படி?

அம்மா தேத்தண்ணி குடித்த கோப்பை, அப்பாவின் வெற்றிலைத் தட்டம், முகத்துவாரக் கரையில் பொறுக்கிய சிப்பி. ஆளை அறிந்தவர்களுக்கு இவை கருங்கல்லில் வெட்டிய பெயரைவிட அதிகம் சொல்லும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் நாட்டுப்புறச் சேமக்காலைகளில், இறந்தவர் கடைசியாகப் பாவித்த கோப்பை, விளக்கு, மணிக்கூடு, கடற்சிப்பி எல்லாவற்றையும் மண்மேட்டில் வைப்பது நெடுநாள் வழக்கம். பலவற்றை வேண்டுமென்றே உடைத்து வைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் சாவு தொடராமல் அறுபட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

கொழும்பில் இதைச் செய்ய முதலில் அனுமதி. பொரளைக் கனத்தை, மாதம்பிட்டி போன்ற மாநகர சபை மயானங்களில் சீமெந்து பூசுவதென்றால் மயான அலுவலகத்தில் கேளுங்கள்; கோயில் சேமக்காலை என்றால் பங்குத்தந்தையிடம்.

புதுக் கல்லறையில் சீமெந்து வேலை வேண்டவே வேண்டாம். பெட்டி உக்க உக்க மேல்மண் இறங்கும், பூசியது நடுவில் பிளக்கும். ஒரு வருடமாவது மழை பெய்து மண் படியட்டும். அதுவரை மண்மேட்டைச் சுற்றிப் போத்தல் வரம்பு போதும். ஒரே அளவுப் போத்தல்களை லேபல் போக ஊறவைத்துக் கழுவி, காய்ந்த மணல் நிரப்பி மூடியிடுங்கள். 6 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கழுத்துக் கீழே இருக்கும்படி நட்டு, இருபக்கமும் மண்ணை நனைத்து இடியுங்கள். மணல் இல்லாத போத்தல் மழையில் மண் இளகும்போது சாய்ந்துவிடும்.

கோப்பைதான் அதிகக் கவனம் கேட்பது. அதில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கத் தொடங்கும். நுளம்பு பெருக இடம் வைப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. அடியில் 6 மில்லிமீற்றர் துளை போடலாம்: துளைக்கும் கருவியில் தரை ஓட்டுக்குரிய அலகைப் பூட்டி, துளைக்கும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி, கருவியின் சுத்தியல் விசையை நிறுத்தி, குறைந்த வேகத்தில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் துளையுங்கள். ஆனால் ஒரு வாடிய இலை போதும், துளை அடைபட. அடிக்கடி போய்ப் பார்க்க முடியாதவர்கள் விளிம்புவரை சீமெந்துக் கலவை நிரப்பி, நடுவைச் சற்று மேடாக்கிவிடுவதே நல்லது. பூச்சாடியிலும் தண்ணீருக்குப் பதில் ஈரமணல்.

உடைந்த பிங்கான் பதிக்க, ஏற்கெனவே சீமெந்து போட்ட கல்லறை வேண்டும். மேற்பரப்பை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி நனையுங்கள். வழுவழுப்பான பழைய பூச்சில் புதுக்கலவை பிடிக்காமல் பலகையாகக் கழன்று வரும். பிங்கானைச் சாக்கில் சுற்றி உடையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. ஒன்று, ஒன்றரை அங்குலத் துண்டுகள் போதும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த ஆற்றுமணல். 6 அடிக்கு 2½ அடி மேற்பரப்பில் அரை அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய 10 கிலோ சீமெந்து போகும். கடற்கரை மணலை அள்ளிப் போட்டால் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் கசியும். சிப்பியையும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே பதிக்க வேண்டும். வெயிலில் கலவை சீக்கிரம் இறுகுவதால் ஒரே தடவையில் இரண்டு சதுர அடிக்கு மேல் பூசாதீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு சரிவு விடுங்கள். கூர்முனை எதுவும் வெளியே நீட்டக் கூடாது. பிள்ளைகள் தொடும் இடம் அது. சில மணி நேரத்தில் ஈரப் பஞ்சால் துடைத்து, ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்து வையுங்கள்.

நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நாள், பின்னேர இடிமழைக் காலத்தில் வருகிறது. ஆகவே சீமெந்து வேலையை ஜனவரி, பெப்ரவரியிலோ ஓகஸ்டிலோ முடித்துவிடுங்கள்.

அலுமினியக் குவளையை ஈரச் சீமெந்தில் புதைத்தால் அரித்துப் பொரியும். எனாமல் கழன்ற இரும்பு துருவழிந்து சுற்றிலும் கறையாக்கும். மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். பித்தளையை வீட்டிலேயே வையுங்கள், களவு போகும். சட்டம் போட்ட படத்துக்குள் ஈரம் இறங்கும். பிங்கான் ஓட்டில் சுட்டுப் பதித்த படம் நிலைக்கும்.

துப்புரவாக்க மென்தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். வினாகிரி, புளி, கழிவறை அமிலம் எதுவும் வேண்டாம். சிப்பி சுண்ணாம்பு, அமிலம் பட்டால் மினுக்கம் போய்க் கரையும், சீமெந்தும் கூடவே அரிபடும்.