சர்குலேட்டர் நிஜமாகவே ஒருவழிப் பாதையா? வீட்டு மேசையில் அளந்து பார்ப்போம்

தீப்பெட்டி அளவில் ஒரு உலோகப் பெட்டி. 1, 2, 3 என்று மூன்று எஸ்எம்ஏ கனெக்டர்கள் (கேபிள் திருகும் சிறு முனைகள்), மேலே வட்டமாக ஒரு அம்புக்குறி. உள்ளே பேட்டரி கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. ஆனாலும் 1-ல் விட்ட சிக்னல் 2-ல் வரும், 2-ல் விட்டது 3-ல் வரும், 3-ல் விட்டது 1-க்கு வரும். எதிர்த் திசையில் கிட்டத்தட்டப் போகவே போகாது. இதுதான் ஃபெரைட் சர்குலேட்டர். பல ரேடார்களில் ஒரே ஆன்டெனா அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது என்றால் இது நடுவில் உட்கார்ந்திருப்பதால்தான்.

முதன்முதலில் இதை அளந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கேபிள், ஃபில்டர், அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) எல்லாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு காட்டும். இது மட்டும் காட்டாது.

காரணம் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட, பீங்கான் மாதிரியான பொருள் அது. மைக்ரோவேவில் அதிகம் புழங்குவது யிட்ரியம் அயர்ன் கார்னெட். காந்தத்தன்மை உண்டு, ஆனால் மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது. அதனால் அலை உள்ளே புகுந்து போக முடியும். இரும்புத் துண்டாக இருந்தால் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்.

பெட்டிக்குள் ஒரு நிலைக்காந்தமும் இருக்கிறது. அதன் புலத்தில் ஃபெரைட்டின் எலக்ட்ரான்கள், வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல, ஒரே திசையில் தலையைச் சுற்றும். ஒரு ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் வேகம். 1000 ஓர்ஸ்டெட் என்றால் 2.8 கிகாஹெர்ட்ஸ். அந்தத் திசையிலேயே சுழலும் அலைக்கு ஃபெரைட் ஒரு மாதிரி, எதிர்ப்பக்கம் சுழலும் அலைக்கு வேறு மாதிரி. நுழைந்த அலை இப்படி இரண்டாகப் பிரிந்து சுழல, இரண்டும் சேர்ந்து ஃபெரைட் வட்டுக்குள் உண்டாக்கும் அலைக்கோலம் 30 டிகிரி திரும்பி நிற்கும். அப்போது மூன்றாவது போர்ட் (கனெக்டர் வாய்), அலை இல்லாத இடத்தில் சரியாக வந்து விழும். காந்தத்தைப் புரட்டிப் போட்டால் அம்புக்குறியின் திசையும் மாறிவிடும்.

சரி, அளப்போம்.

படி 1. 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் சர்குலேட்டர் ஒன்று வாங்குங்கள். பழைய மொபைல் டவர் கருவிகளில் இருந்து கழற்றியது போதும். மூன்று கனெக்டர்களும் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டுதான் இருந்தால் அது ஐசோலேட்டர். மூன்றாவதில் லோடை, அதாவது வரும் அலையைத் திருப்பாமல் விழுங்கும் மின்தடையை, உள்ளேயே வைத்து மூடியிருப்பார்கள். அப்புறம் ஒரு நேனோவிஎன்ஏ (சிக்னலை அனுப்பி, எவ்வளவு வருகிறது என்று திரையில் கோடாகக் காட்டும் சிறு கருவி), இரண்டு கேபிள்கள், ஒரு நல்ல 50 ஓம் லோடு.

படி 2. ஸ்வீப்பை, அதாவது கருவி அளக்கும் அதிர்வெண் வரம்பை, 850 முதல் 1050 மெகாஹெர்ட்ஸ் வரை வையுங்கள். அதற்குப் பிறகு காலிப்ரேஷன் (அளவுத்திருத்தம்): கேபிள் முனையில் ஓபன் (திறந்தது), ஷார்ட் (குறுக்கிணைத்தது), லோடு, கடைசியில் இரண்டு கேபிள்களையும் நேராக இணைத்து த்ரூ. ஸ்வீப்பை மாற்றினால் மறுபடி செய்துவிடுங்கள்.

படி 3. கருவியின் முதல் போர்ட்டை சர்குலேட்டரின் 1-லும், இரண்டாவது போர்ட்டை 2-லும் மாட்டுங்கள். 3-ல் லோடு. எஸ்21 கோடு (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்கு எவ்வளவு வந்தது என்பது; 0 டெசிபல் என்றால் இழப்பே இல்லை) நடுப் பகுதியில் மைனஸ் 0.4 டெசிபல் மாதிரி நிற்கும். இது நல்ல திசை.

படி 4. கேபிள்களை அசைக்காமல் சர்குலேட்டரை மட்டும் திருப்பி மாட்டுங்கள்: இப்போது சிக்னல் 2-ல் நுழைகிறது, 1-ல் கேட்கிறோம். 3-ல் அதே லோடு. கோடு மைனஸ் 20-க்குக் கீழே குழியாக இறங்க வேண்டும். அதாவது நூற்றில் ஒரு பங்கு பவர்கூட வரவில்லை.

இங்கேதான் நான் இரண்டு நாள் தவித்தேன். எனக்கு மைனஸ் 15-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஃபெரைட் உடைந்துவிட்டது என்று நினைத்து மூடியைத் திறக்கக்கூடப் போனேன். கடைசியில் பார்த்தால், 3-ல் அடாப்டர் போட்டு மாட்டியிருந்தது கேபிள் டிவிக்கான 75 ஓம் லோடு! 50 ஓம் வழியில் 75 ஓம் வந்தால், போன அலையைவிட 14 டெசிபல் குறைவாக ஒரு அலை திரும்பும். திரும்பியது சும்மா போகுமா? அம்புக்குறிப்படியே 3-லிருந்து 1-க்கு வந்து நின்றது. சர்குலேட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

ஆகவே ஐசோலேஷன் (எதிர்த் திசைத் தடுப்பு) மோசமாக இருந்தால் முதலில் லோடைச் சந்தேகப்படுங்கள். திரும்பும் அலையை 20 டெசிபல் மட்டுமே குறைக்கும் லோடை வைத்துக்கொண்டு 30 டெசிபல் ஐசோலேஷனை எதிர்பார்க்க முடியாது.

படி 5. நம்பிக்கை இல்லையென்றால் லோடைக் கழற்றி 3-ஐ வெறுமனே விடுங்கள். மைனஸ் 20-ல் இருந்த கோடு குபீரென்று மைனஸ் 1-க்குப் பக்கத்தில் ஏறும். 2-லிருந்து 3, அங்கே முட்டித் திரும்பி 1. இரண்டு முறை கடந்த இழப்பு மட்டும்தான் மிச்சம்.

இரும்பு மேசையில் வைத்து அளக்காதீர்கள். மூடி மெல்லியதாக இருக்கும் சர்குலேட்டர்களில், பக்கத்தில் குறடு வைத்தால்கூட உள்ளே இருக்கும் காந்தப்புலம் மாறிக் குழி நகரும். மரப்பலகை நல்லது.

படி 6. இதே இணைப்பில் 3-ல் ஒரு 900 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை மாட்டுங்கள். இப்போது திரையில் தெரிவது, கிட்டத்தட்ட அந்த ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலை. உள்ளங்கையை ஆன்டெனா பக்கம் மெல்லக் கொண்டு போங்கள்; கோடு அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.